நாம பாக்காட்டி உலகம் இல்லைன்னு குவாண்டம் சொல்லுதா? குறுக்குத்துறையில வெள்ளம் போட்ட கோட்ட வெச்சு ஒரு கேள்வி

#1 குறுக்குத்துறையான்

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளா மனசுல கெடந்து அரிக்கிது, இங்ஙன எழுதிக் கேட்டாத்தான் தீரும். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

எங்க அக்கா மக இந்த வருசம் காலேஜ்ல பிசிக்ஸ் சேந்திருக்கா. போன வாரம் அங்ஙன ஒரு விழா. சிறப்பு விருந்தினரா வந்தவரு மைக்கப் புடிச்சு "நீங்க பாக்கதுனாலதான் உலகமே இருக்கு, நீங்க கண்ண மூடிட்டா நிலாவும் கெடையாது, இத குவாண்டம் பிசிக்ஸ் நிரூபிச்சாச்சு, 2022-ல நோபல் பரிசே குடுத்துட்டாங்க"ன்னு பேசியிருக்காரு. புள்ளைக்கு ராத்திரி ஒறக்கமே இல்ல. நேரா வந்து "மாமா, நிசமா?"ன்னு கேக்கா. நான் பி.எஸ்ஸி. படிச்சு முப்பது வருசமாச்சு, இப்ப ஹார்டுவேர் கடை வெச்சிருக்கேன். ஆனாலும் அவ கேட்டதும் என்னமோ நானே வகுப்புல உக்காந்திருக்க மாதிரி ஆயிருச்சு.

எனக்கு சட்டுன்னு நெனப்பு வந்தது நம்ம குறுக்குத்துறை முருகன் கோயில்தான். தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன், அது தாமிரவருணி ஆத்துக்குள்ளயே நிக்கிற கோயில். பெருவெள்ளம் வருதுன்னா உற்சவர மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க, மூலவரு தண்ணிக்குள்ளயேதான் இருப்பாரு. 2023 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கரையில நின்னு பாத்தா கோயில் இருந்த எடத்துல கலங்கத்தண்ணிதான் சுழிச்சுட்டு ஓடுது. உள்ள என்ன நடக்குன்னு பாக்க ஒரு மனுசன் கெடையாது. தண்ணி வடிஞ்ச பொறவு போனோம், முருகன் அங்ஙனயேதான் நிக்காரு, செவுத்துல ஆளுயரத்துக்கும் மேல சேறு ஒரு கோடு போட்டுருக்கு. எனக்கு அந்தக் கோடுதான் கேள்வி. அத யாரு போட்டா? ராத்திரி யாரும் பாக்காத நேரத்துலதான வெள்ளம் அம்புட்டு ஒசரத்துக்கு ஏறி நின்னுச்சு. பாக்க ஆளில்லன்னு ஏறாமப் போச்சா?

அதே நேரத்துல நோபல் வாங்குனவங்களும், குவாண்டத்துக்கு அடித்தளம் போட்ட நீல்ஸ் போரும் ஹைசன்பர்க்கும் ஒண்ணும் இல்லாததையா பேசியிருப்பாங்க? அவங்க "பாக்குறவன்"னு சொன்னது யார? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, புள்ளைக்குத் தப்பாச் சொல்லிரக்கூடாது.

#2 பாளை_லேப்

அண்ணாச்சி, நான் பிசிக்ஸ் லேப்லதான் வேலை பாக்கேன். இந்தப் பேச்ச நானும் பல வாயில கேட்டுருக்கேன், ஒவ்வொரு வாட்டியும் வயித்தெரிச்சலா இருக்கும். ஏன்னா பாதி உண்மைய எடுத்துட்டு மீதிய விட்டுருதாங்க.

ரெட்டைப் பிளவு சோதனையில இருந்து ஆரம்பிக்கேன். ரெண்டு சன்னமான பிளவு, அதுக்குப் பின்னால ஒரு திரை. எலக்ட்ரான ஒண்ணொண்ணா அனுப்புனா திரையில ஒண்ணொண்ணா புள்ளி விழும். ஜப்பான்ல ஹிட்டாச்சி ஆய்வகத்துல டோனோமுராவும் கூட இருந்தவங்களும் 1989-ல இத படமாவே எடுத்துக் காட்டுனாங்க (அவங்க பிளவுக்குப் பதிலா மெல்லிசான கம்பி வெச்சாங்க, கணக்கு ஒண்ணுதான்). மொதல்ல பாத்தா அங்கொண்ணு இங்கொண்ணா வெறும் புள்ளி, மார்கழில கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி. ஆயிரம், பத்தாயிரம்னு சேரச் சேர வெளிச்சமும் இருட்டுமா வரிவரியா கோலம் எந்திரிச்சு வரும். ஒத்த எலக்ட்ரான் ஒரு பிளவு வழியா மட்டும் போச்சுன்னு வெச்சுக்கிட்டா அந்த வரிக்கு கணக்கே வராது. ஆனா எந்தப் பிளவு வழியாப் போச்சுன்னு எங்கயாச்சும் ஒரு தடம் விழுந்துட்டா கோலம் அழிஞ்சுரும்.

இங்ஙனதான் எல்லாரும் சறுக்குதாங்க. "தடம் விழுந்தா"ங்கறத "மனுசன் பாத்தா"ன்னு மாத்திருதாங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல!

இதுக்கு எனக்குப் புடிச்ச சோதனை வியன்னாவுல 2004-ல செஞ்சது. 70 கார்பன் அணு சேந்த பந்து மாதிரி மூலக்கூறு, அதையும் அலை மாதிரி கோலம் போட வெச்சாங்க. பொறவு அந்த மூலக்கூற லேசர் வெச்சு சூடேத்துனாங்க. சூடான எதுவும் ஒளிய விடும்லா, கொல்லன் பட்டறையில இரும்பு செவக்க மாதிரி. அந்த மூலக்கூறு பறந்து போற வழியில தானாவே ஃபோட்டான (ஒளித்துகள) விட்டுச்சு. அந்த ஃபோட்டான யாரும் புடிக்கல, யாரும் பாக்கல, அது பாட்டுக்குப் போயி எங்கயோ மோதி மறைஞ்சுருச்சு. ஆனாலும் சூடு ஏற ஏற கோலம் மங்கிட்டே போயி கடைசியில இல்லாமலே ஆயிருச்சு. ஏன்னா அந்த ஃபோட்டான் "நான் கெளம்புன எடம் இது"ங்கற தகவல தூக்கிட்டுப் போயிருச்சு. அதுக்குப் பேரு டிகோஹீரன்ஸ்.

ஒங்க வெள்ளக்கோடும் அதான் அண்ணாச்சி. சேறு செவுத்துல பட்டுச்சு, தடம் விழுந்துச்சு. கண்ணு வேண்டியதில்ல.

#3 மேலரதவீதி

பாளை_லேப் சொல்லுதது சரிதான், ஆனா ஒரே பக்கமா இருக்கு. வான் நியூமன்ங்கற கணித மேதை சாதாரண ஆளு இல்ல, 1932-லயே கணிதமா எழுதிக் காட்டுனாரு: எலக்ட்ரான அளக்கது கருவி, ஆனா கருவியும் அணுவாலதான செஞ்சது, அப்ப அதுவும் ரெண்டு நெலையில கலந்து நிக்கணும், கருவியப் பாக்க கண்ணும் அப்பிடித்தான், மூளையும் அப்பிடித்தான். எங்க போயி முடியும் இது? விக்னர்ங்கற இயற்பியல்காரரு 1961-ல சொன்னாரு, உணர்வுகிட்டதான் முடியும்னு. அவரும் நோபல் வாங்குனவர்தான், 1963. நம்ம பெரியவங்க உலகம் மாயைன்னு ஆயிரம் வருசம் முன்னயே சொன்னது இதத்தான்னு நான் நெனைக்கேன், இத தள்ளிவிடக்கூடாது.

#4 அம்பை_வயக்காடு

விக்னர் அப்பிடிச் சொன்னது நெசம். ஆனா அவரு அதுலயே நிக்கல. 1970-ல ஸேன்னு ஒரு ஜெர்மன்காரரு எழுதுனாரு, பெரிய பொருள சுத்துப்புறத்துல இருந்து பிரிச்சு வெக்கவே முடியாது, காத்தும் வெளிச்சமும் சதா அதத் தொட்டுத் தடம் எடுத்துக்கிட்டே இருக்குன்னு. அதப் படிச்ச பொறவு விக்னரு தன்னோட பழைய கருத்த கைவிட்டுட்டாரு. 61-ல சொன்னத மேடையில சொல்லுதவங்க பொறவு மாத்திக்கிட்டதயும் சொல்லணும், இல்லன்னா அது அந்த மனுசனுக்கே செய்யுத துரோகம்.

வான் நியூமன் காட்டுனதும் வேற. அளக்கது எங்ஙன முடியுதுங்கற எல்லைக் கோட்ட எங்ஙன வேணா போடலாம், கருவிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, கணக்கு ஒரே விடைதான் குடுக்கும்னு காட்டுனாரு. உணர்வுகிட்டதான் போட்டாகணும்னு அந்தக் கணக்கு சொல்லல.

#5 சித்தாந்தப்பிள்ளை

மேலரதவீதி தம்பிக்கு. எனக்கு எழுவத்தொண்ணு வயசு, குவாண்டம் படிச்சதில்ல, பேரன்தான் இந்த இழையக் காட்டுனான். ஆனா "நம்ம பெரியவங்க மாயைன்னு சொன்னாங்க"ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டீங்க பாத்தீங்களா, அதுல எனக்கு வருத்தம். நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு படிச்ச சைவ சித்தாந்தம் அப்பிடிச் சொல்லல. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரக் கட்டுத கட்டு) மூணும் அநாதி. மாயைங்கறது பொய்த்தோற்றம் இல்ல, உலகத்துக்கு மூலப்பொருள், குடத்துக்கு மண்ணு மாதிரி. உலகம் தோன்றும், நிக்கும், ஒடுங்கும், ஆனா இல்லாத பொருள் இல்ல. இத வெச்சு ஏகான்மவாதிகளோட (ஆன்மா ஒண்ணுதான், உலகம் வெறுந்தோற்றம்னு சொல்லுதவங்க) நூத்தாண்டுக் கணக்கா வாதம் பண்ணியிருக்காங்க. ரெண்டு கட்சியும் நம்ம மண்ணுலதான் இருந்துச்சு. ஒரு கட்சிய மட்டும் எடுத்து விஞ்ஞானத்துக்கு மேல போத்தி "நாங்க அப்பவே சொன்னோம்"னு சொன்னா மத்த கட்சிக்காரன் பேசுன பேச்செல்லாம் எங்க போச்சு?

இன்னொண்ணும் சொல்லுதேன். 1930 ஜூலை 14-ல தாகூரு ஐன்ஸ்டீன அவரு வீட்டுல போயிப் பாத்தாரு, பெர்லின் பக்கத்துல காபுத்ங்கற ஊரு. தாகூரு இந்த உலகம் மனுச உலகம், மனுசன விட்டுத் தனியா உண்மை இல்லன்னு நின்னாரு. ஐன்ஸ்டீன் வீட்டுல யாரும் இல்லாட்டியும் அந்த மேசை அங்ஙனயேதான இருக்கும்னு நின்னாரு. ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல, மரியாதையாப் பேசிப் பிரிஞ்சாங்க. அப்பிடிப் பேசுங்கப்பா.

#6 மேலரதவீதி

ஐயா, நீங்க சொன்னது சரி. அவசரப்பட்டு எழுதிட்டேன். சித்தாந்தம் நான் படிச்சதில்ல, எங்க தாத்தாகிட்ட கேட்டுருக்கணும், இப்ப அவரு இல்ல.

#7 உவரிக்கரை

கடக்கரைக்காரன் நான் ஒண்ணு சொல்லுதேன். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சி மணலுல மோனசைட்டுங்கற கனிமம் இருக்கு, அதுக்குள்ள தோரியம். தோரியத்துக்கு அரை ஆயுள் (இருக்க அணுவுல பாதி ஒடைய ஆகுத காலம்) சுமார் 1,400 கோடி வருசம், பிரபஞ்சத்துக்கே வயசு 1,380 கோடிதான். அந்த ஒவ்வொரு தோரிய அணுவும் எப்ப ஒடையும்ங்கறது சுத்தமான குவாண்டம் சமாச்சாரம். ஒடைஞ்சு ஒடைஞ்சு கடைசியில ஈயமா மாறுது. மோனசைட்டுப் பொடிக்குள்ள எம்புட்டு ஈயம் சேந்திருக்குன்னு பாத்துத்தான் பாறைக்கு வயசு சொல்லுதாங்க. நாம மிதிச்சு நடக்க மணலு, மனுசனே இல்லாத காலத்துல இருந்து தன் கணக்க தானே எழுதிக்கிட்டு வருது.

இதவிட பெருசு ஆப்பிரிக்காவுல காபோன் நாட்டுல ஓக்லோ. 1972-ல பிரான்சுக்காரங்க அங்கேருந்து வந்த யுரேனியத்த சோதிச்சாங்க, யுரேனியம் 235 (அணு உலையில எரியுத வகை) எங்க எடுத்தாலும் 0.720 சதவீதம் இருக்கணும், இதுல 0.717 இருந்துச்சு. அந்தத் துளி வித்தியாசத்தப் புடிச்சுட்டுப் போனா, சுமார் 200 கோடி வருசத்துக்கு முன்ன அந்த மண்ணுக்குள்ள நெலத்தடித் தண்ணி எறங்கி, தானாவே அணு உலை ஓடியிருக்கு! கூடங்குளத்துல நாம கட்டுனத மண்ணே செஞ்சிருக்கு. அப்ப பூமியில இருந்தது கிருமிதான், கண்ணு வெச்ச உயிரு ஒண்ணும் கெடையாது. அது 1972-ல ஒருத்தன் வந்து பாக்கட்டும்னு காத்துக்கிட்டா இருந்துச்சு? குறைஞ்சது குறைஞ்சதுதான்.

#8 குறுக்குத்துறையான்

உவரிக்கரை, இத புள்ளைக்கு வாசிச்சுக் காட்டுனேன், கண்ணு விரிஞ்சு போச்சு அவளுக்கு. அப்ப விசயம் முடிஞ்சுதா? பாக்க ஆளில்லாட்டியும் எல்லாம் இருக்கபடி இருக்கு, மேடையில பேசுனது முழுத் தப்பு, இப்பிடிச் சொல்லிரலாமா?

#9 பாளை_லேப்

அண்ணாச்சி, அப்பிடிச் சொல்லிராதீங்க, இங்ஙனதான் நெசமான ஆச்சரியமே இருக்கு. நோபல் குடுத்தது சும்மா இல்ல. பொறுமையா வாசிங்க, இத வகுப்புல நான் சொல்லித்தர விதம் இது.

அண்ணன் தம்பி ரெண்டு பேரு. திருநெல்வேலி ஜங்சன்ல உக்காந்து என்ன வேணா பேசி முடிவு பண்ணிக்கிடலாம், சீட்டுல எழுதிப் பையில போட்டுக்கிடலாம். பொறவு அண்ணன் செங்கோட்டை ரயில்ல ஏறணும், தம்பி திருச்செந்தூர் ரயில்ல ஏறணும். போன் கெடையாது. போய்ச் சேந்ததும் அங்ஙன ஒரு வாத்தியாரு, இங்ஙன ஒரு வாத்தியாரு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காசு சுண்டிப் போட்டு மஞ்ச அட்டையோ பச்ச அட்டையோ காட்டுவாங்க. பசங்க "ஆமா" இல்லன்னா "இல்ல" சொல்லணும். ரெண்டு பக்கமும் பச்சை வந்தா பதில் மாறியிருக்கணும், மத்த மூணு விதத்துலயும் பதில் ஒண்ணாயிருக்கணும். அப்பத்தான் ஜெயிப்பு.

இப்ப பையில சீட்டு இருக்குன்னு வைங்க. மஞ்சளுக்கு இது, பச்சைக்கு இதுன்னு ஆளுக்கு ரெண்டு பதில் எழுதியாச்சு. அண்ணன் மஞ்சளும் தம்பி மஞ்சளும் ஒண்ணாயிருக்கணும். அண்ணன் மஞ்சளும் தம்பி பச்சையும் ஒண்ணாயிருக்கணும். அண்ணன் பச்சையும் தம்பி மஞ்சளும் ஒண்ணாயிருக்கணும். அப்ப நாலு பதிலும் ஒண்ணாயிருச்சே, ரெண்டு பச்சையும் எப்பிடி மாறும்? மாறாது. என்ன கெட்டிக்காரத்தனமா எழுதுனாலும் நாலுல மூணுதான் ஜெயிக்கலாம், 75 சதவீதம். அதுக்கு மேல ஒரு நூலு கூட ஏற முடியாது. 1964-ல ஜான் பெல் கண்டுபுடிச்சது இதோட மூலக்கருத்துதான், இப்ப நான் சொன்ன வடிவம் பின்னால வந்தது.

ஆனா அண்ணன் தம்பி கையில பின்னிப்போன ரெண்டு ஃபோட்டான் (ரெண்டும் சேந்து ஒரே நெலை, தனித்தனியா வெவரிக்க முடியாது) ஆளுக்கொண்ணா இருந்து, அட்டை நெறத்துக்கு ஏத்த கோணத்துல அத அளந்து பதில் சொன்னா, குவாண்டம் கணக்குப்படி 85 சதவீதத்துக்கு மேல ஜெயிக்கலாம். இயற்கையிலயும் அப்பிடித்தான் நடக்கு! கிளாஸரு 1972-ல அளந்தாரு, ஆஸ்பெ 1982-ல அளவு நடக்கும்போதே கோணத்த மாத்தி அளந்தாரு (2022 நோபல் வாங்குனவங்கள்ல இவங்க ரெண்டு பேரும் உண்டு), 2015-ல நெதர்லாந்துல டெல்ஃப்ட்ல 1.3 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு வைரத்துக்குள்ள இருக்க எலக்ட்ரான வெச்சு ஓட்டையெல்லாம் அடைச்சு அளந்தாங்க. எல்லாத்துலயும் சீட்டு வெச்ச கணக்கு தோத்துப் போச்சு.

அர்த்தம் என்ன? பையில சீட்டு இல்ல. கேக்கதுக்கு முன்ன பதில் எழுதி வெச்சிருக்கல. இல்லன்னா சீட்டு இருக்கு, ஆனா செங்கோட்டையில நடந்தது திருச்செந்தூருக்கு ஒளிய விட வேகமாத் தெரிஞ்சுருது. ரெண்டுல ஒண்ண ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும் (இதத் தப்பிக்க வேற சந்து ரெண்டு மூணு இருக்கு, எவரெட்டோடது அதுல ஒண்ணு, அம்பை சொல்லட்டும்).

போனது சீட்டு. உலகம் போகல. மேடையில பேசுனவரு சீட்டு போனத உலகமே போச்சுன்னு சொல்லிட்டாரு.

அப்புறம் முக்கியமான ஒண்ணு. அந்தக் கேள்விய, அதாவது எந்த அட்டைங்கறத, யாரு தேர்ந்தெடுக்காங்கங்கறதையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. மெஷின வெச்சு தேர்ந்தெடுத்தாச்சு. 2016 நவம்பர் 30-ல உலகம் முழுக்க சுமார் ஒரு லட்சம் பேரு கம்ப்யூட்டர்ல பட்டன அமுக்கி அமுக்கி குடுத்தத வெச்சும் தேர்ந்தெடுத்தாச்சு. கோடிக்கணக்கான வருசம் முன்ன கெளம்பின வான வெளிச்சத்த வெச்சும் தேர்ந்தெடுத்தாச்சு. எல்லாத்துலயும் அதே முடிவு. மனுச மனசு உள்ள வந்ததுனால எதுவும் கூடவும் இல்ல கொறையவும் இல்ல.

#10 களக்காட்டான்

ரயில் கணக்க நாலு வாட்டி வாசிச்சேன், பேப்பர்ல எழுதிப் பாத்தேன், நெசமாவே 75-க்கு மேல போகல. ஒரு சந்தேகம். அப்ப எலக்ட்ரான் நம்ம நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் மாதிரின்னு சொல்லலாமா? தட்டுததுக்கு முன்ன தூணுக்குள்ள சத்தம் இல்ல, தட்டும்போதுதான் பொறக்கு. இப்பிடிச் சொன்னா எங்க பசங்களுக்கு வெளங்கும்.

#11 பாளை_லேப்

நல்ல உவமை தம்பி, ஆனா தலைகீழா இருக்கு. ஒரே கல்லுல சுத்திச் சுத்திச் செதுக்குன அந்தத் தூணுல ஒவ்வொண்ணுக்கும் நீளம் வேற, கனம் வேற. தட்டுனா என்ன சுரம் வரும்ங்கறது செதுக்கி முடிச்ச அன்னைக்கே முடிவாயிருச்சு. தட்டாட்டியும் அந்தச் சுரம் கல்லுக்குள்ள சீட்டா எழுதித்தான் இருக்கு. ஐன்ஸ்டீன் ஆசப்பட்டது அந்தத் தூண் மாதிரி எலக்ட்ரான. அது கெடைக்கலங்கறதுதான் சேதி.

எலக்ட்ரானுக்குத் தூண் செதுக்கணும்னா இப்பிடி ஒரு தூண் வேணும்: இந்தத் தூணோட சேத்து வேற எந்தத் தூணத் தட்டுதோம்ங்கறத கணக்குல எடுக்காம இதுக்கு ஒரு சுரத்த முன்கூட்டியே எழுதி வெக்க முடியாது. 1967-ல கோச்சென், ஸ்பெக்கர்னு ரெண்டு பேரு கணிதமா நிரூபிச்சது இது. அப்பிடி ஒரு கல்லு நம்ம சிற்பிங்க கையில கெடைக்கல, அவங்க உளி போடாத கல்லே இல்லைன்னு நெனைக்கேன்.

#12 அம்பை_வயக்காடு

பாளை_லேப் என்ன இழுத்து விட்டுட்டாங்க, சொல்லுதேன். இத வெச்சு இயற்பியல்காரங்க பல கட்சியாப் பிரிஞ்சு நிக்காங்க, சோதனையில எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே விடைதான் வரும், அர்த்தம் சொல்லுததுலதான் சண்டை.

டேவிட் போம் 1952-ல சொன்னது, எலக்ட்ரானுக்கு எப்பவும் ஒரு எடம் உண்டு, அலை ஒண்ணு அத வழி நடத்துதுன்னு. பாக்க ஆளே வேண்டாம். ஆனா விலை என்னன்னா அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவுல தூரத்த மதிக்காத ஒரு தொடுப்ப ஒத்துக்கிடணும். எவரெட் 1957-ல சொன்னது, அளக்கும்போது பல வாய்ப்பு ஒண்ணாச் சுருங்குதுன்னு சொல்லுதாங்களே, அப்பிடி எதுவும் சுருங்கல, ஆமாவும் நடந்துச்சு இல்லவும் நடந்துச்சு, பாக்கவனும் ரெண்டாக் கெளைச்சுட்டான். அதுலயும் பாக்கவனுக்குத் தனி மகிமை கெடையாது, அவனும் அணுக்கூட்டம். 1986-ல இத்தாலில கிரார்டி, ரிமினி, வெபர்னு மூணு பேரு சொன்னது, அலை தானாவே எப்பவாச்சும் சுருங்கும், ஒத்தத் துகளுக்குக் கோடிக்கணக்கான வருசத்துல ஒருக்கா, ஆனா ஒரு கல்லுல எண்ணமுடியாத துகள் இருக்கதுனால கண்ணிமைக்கதுக்கு முன்ன சுருங்கிரும். இதுக்கும் ஆள் வேண்டாம். இந்த ஒண்ணு மட்டும் சோதனையில மாட்டும், தேடிட்டு இருக்காங்க.

நீல்ஸ் போர் கட்சியிலயும் "பாக்குறவன்"னா கருவியும் அதுல விழுந்த திருப்பமுடியாத பதிவும்தான். ஆத்மான்னு அவரு சொல்லல.

எனக்கு மனசு சாயுதது ரோவெல்லி பக்கம், 1996. ஒரு பொருளுக்குத் தன்மைங்கறது இன்னொரு பொருளோட தொடுப்புலதான் இருக்கு, தனியா இல்லன்னு அவரு சொல்லுதாரு. வேகம் மாதிரி, ரயிலுக்குள்ள இருக்கவனுக்கு நீங்க அசையல, பிளாட்பாரத்துல நிக்கவனுக்கு ஓடுதீங்க. அந்த இன்னொரு பொருள் மனுசனா இருக்கணும்னு இல்ல, கல்லா இருக்கலாம், சேறா இருக்கலாம். எங்க வயல்ல நிக்கும்போது எனக்கு இது இயல்பாப் படுது, மண்ண விட்டு வெதைக்கு என்ன தன்மை, தண்ணிய விட்டு மண்ணுக்கு என்ன தன்மை.

கடைசியா க்யூபிசம்னு ஒரு கட்சி. அதுல மட்டும்தான் "நான்"ங்கற ஆளு நடுவுல நிக்கான், வேவ் ஃபங்ஷன்ங்கறது (எலக்ட்ரான் நெலையக் குறிக்க அலைக்கணக்கு) அவன் அடுத்து என்ன அனுபவிப்பான்னு வெக்கிற பந்தயம். அவங்களுமே வெளிய உலகம் இல்லன்னு சொல்லல.

#13 மேலரதவீதி

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். 2019-ல எடின்பரோவுல விக்னரோட நண்பன் சோதனைய (பூட்டுன ரூமுக்குள்ள நண்பன் அளப்பான், வெளிய நிக்க விக்னர் அந்த ரூமையே அளப்பாரு) ஆறு ஃபோட்டான் வெச்சு செஞ்சு, ரெண்டு பேருக்கு ரெண்டு வேற உண்மை இருக்கலாம்னு வந்துச்சே, அது என்ன?

#14 அம்பை_வயக்காடு

அதுல "நண்பன்"னு வெச்சது ஒரு ஃபோட்டான. அதுக்கு மனசு இல்ல. அந்தச் சோதனை சொல்லுதது, ஒரு தடத்த சுத்துப்புறத்துல கசியவிடாம சுத்தமாப் பொத்தி வெச்சுட்டா, உள்ள இருக்க தடத்தையும் வெளிய இருந்து அளக்கதையும் ஒரே கணக்குப் புத்தகத்துல சேத்து எழுத முடியாதுன்னு. ரோவெல்லிக்கு அது சாதகம்தான். மனுசன அப்பிடிப் பொத்தி வெக்க ஒரு பெட்டி கெடையாது, மூச்சு விட்டாலே கசிஞ்சுரும்.

#15 பணகுடி_காத்தாடி

எல்லாம் வாசிச்சேன். மனசுல பட்டதக் கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. பதில் முன்னயே இருந்தா என்ன, கேக்கும்போது பொறந்தா என்ன, நமக்கு அதுல ஆகுறது என்ன?

#16 பாளை_லேப்

தப்பே இல்ல, நல்ல கேள்வி. சீட்டு இருந்தா திருடன் வழியில மறிச்சு அத காப்பி எடுத்துருவான். சீட்டே இல்லாட்டி திருட என்ன இருக்கு? 1991-ல எக்கர்ட் இத வெச்சே ரகசியச் சாவி அனுப்ப வழி சொன்னாரு. ரெண்டு பக்கமும் பெல் கணக்க சோதிச்சுப் பாப்பாங்க, நடுவுல எவனாச்சும் கைய வெச்சா ஜெயிப்பு கொறைஞ்சு காட்டிக்குடுத்துரும். 2017-ல சைனாக்காரங்க சேட்டிலைட்டுல இருந்து பின்னுன ஃபோட்டான 1,200 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு ஊருக்கு எறக்கிக் காட்டிட்டாங்க.

#17 குறுக்குத்துறையான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புள்ளைகிட்ட ராத்திரி சோறு தின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். உலகம் இருக்கு தாயி, ஆனா எலக்ட்ரான் பையில பதில் எழுதி வெச்சிருக்கல, தடம் விழும்போதுதான் பதில், தடம் எடுக்க மனுசன் வேண்டியதில்ல, செவுரே போதும், இப்பிடித்தான் சொன்னேன். அவ கைய ஒதறாம அப்பிடியே உக்காந்து யோசிச்சுட்டு ஒண்ணு கேட்டா, எனக்குப் பதில் தெரியல. "அப்ப அந்தக் கோட்ட யாராச்சும் கழுவி விட்டுட்டா, வெள்ளம் வந்தது இல்லைன்னு ஆயிருமா மாமா?"

#18 பாளை_லேப்

அண்ணாச்சி, அந்தப் புள்ளைய எங்க லேப்புக்கு கூட்டிட்டு வாங்க!! 1982-ல ஸ்கல்லி, ட்ரூல்னு ரெண்டு பேரு கேட்ட கேள்வி இது, குவாண்டம் அழிப்பான்னு பேரே இருக்கு.

ஒத்த ஃபோட்டானுல மட்டும் தடம் இருந்தா அத நெசமாவே அழிக்கலாம், அழிச்சா போன கோலம் திரும்ப வரும். ஆனா கவனமாச் சொல்லணும். திரையில ஏற்கனவே விழுந்த புள்ளி எதுவும் எடம் மாறாது. அழிக்கும்போது ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு விதத்துல ஒரு முடிவு வரும், அத வெச்சு பழைய புள்ளிகள ரெண்டு கூறாப் பிரிச்சா, ஒவ்வொரு கூறுலயும் வரி தெரியும். ரெண்டையும் சேத்துப் போட்டா மறுபடி வெறும் மூட்டம்தான். நடந்தது மாறுதுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல.

கோயில் செவுத்துக்கு அது நடக்காது. ஏன்னா தடம் கோட்டுல மட்டுமா இருக்கு? சேத்த நீங்க கழுவலாம், கல்லு இடுக்குல ஈரம் ஏறுன தடம் இருக்கு, கரையில சாஞ்ச மரத்துல இருக்கு, அன்னைக்கு விடிஞ்சதும் வெள்ளத்து மேல பட்டுத் தெறிச்ச வெளிச்சம் இன்னும் வானத்துல போயிக்கிட்டே இருக்கு, அத எவனாலயும் ஓடிப்போயி புடிச்சுட்டு வர முடியாது. ஒரே சேதி எத்தனையோ கோடி எடத்துல காப்பி ஆயிருச்சு. ஸூரெக்ங்கற இயற்பியல்காரரு சொல்லுதது இதான், ஒரு சேதி இம்புட்டு எடத்துல பரவி, நீங்க பாத்தாலும் நான் பாத்தாலும் ஒண்ணே தெரிஞ்சா, அதத்தான் நாம நடந்ததுன்னு சொல்லுதோம். எலக்ட்ரானுக்கு அம்புட்டு சாட்சி கெடையாது.

#19 சித்தாந்தப்பிள்ளை

பேரன் வாசிச்சுக் காட்டுனான். அந்தக் கொழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

#20 குறுக்குத்துறையான்

ஞாயித்துக்கெழம காலையில வாறோம் பாளை_லேப். அதுக்கு முன்ன அவள ஒரு எட்டு படித்துறைக்குக் கூட்டிட்டுப் போறேன், கோடு மழையில ரொம்ப மங்கிருச்சு, ஆனா வடக்குச் செவுத்துல கைய வெச்சுத் தடவுனா இன்னும் சொரசொரன்னு இருக்கு. அவ தொட்டுப் பாக்கணும்னு சொல்லுதா. லேசர் டார்ச்சும் தலைமுடியும் வெச்சு வீட்டுலயே வரி பாக்கலாம்னு நீங்க வேற ஒரு இழையில எழுதியிருந்தீங்களே, அதுக்கு என்னென்ன வேணும்?

#21 பாளை_லேப்

செவப்பு லேசர் டார்ச் ஒண்ணு, தலைமுடி ஒண்ணு, அத டார்ச் வாயில நெட்டுக்கு டேப்பு போட்டு ஒட்டணும். ரூம இருட்டாக்கிட்டு மூணு நாலு மீட்டர் தள்ளி வெள்ளச் செவுத்துல அடிங்க, பக்கவாட்டுல வரி தெரியும். கண்ணுல மட்டும் பட்டுரக்கூடாது, கண்ணாடி, பாத்திரம் எதுலயும் பட்டுத் திரும்பாமப் பாத்துக்கோங்க. வரிக்கும் வரிக்கும் எம்புட்டு எடைவெளின்னு ஸ்கேல் வெச்சு அளந்து எழுதிட்டு வரச் சொல்லுங்க, செவுத்துக்கும் டார்ச்சுக்கும் உள்ள தூரத்தையும் எழுதணும், அத வெச்சு முடியோட கனத்த ஞாயித்துக்கெழம அவளையே கணக்குப் போட வெப்போம்.